பனிக்கு அடியில் ராஜகிரி

என் தங்கை அண்டார்டிகாவுக்குப் போனதில்லை. செஞ்சியில் பாதிப் பேர் அவளை அங்கே போய்விட்டு வந்தவள் என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமானத்தை ஓட்டியவர்கள் வேறு. அதன் வாலில் காந்தமானியைப் பொருத்தியவர்கள் வேறு. அவளுக்கு வந்து சேர்ந்தவை வெறும் எண்கள். அவற்றை வைத்துக்கொண்டு பனிக்கு அடியில் என்ன பாறை இருக்கிறது என்று சொல்வது அவள் வேலை. திண்டிவனம் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து அதைச் செய்தாள்.

அந்த அறையில்தான் நானும் வேலை பார்த்தேன். ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது வீட்டிலிருந்தே மாவட்டப் பக்கங்களைத் திருத்திக் கொடுக்கிறேன். என் மேசையில் விபத்து, குறைதீர்க்கும் நாள், கோயில் கும்பாபிஷேகம். எதிர் மேசையில் தென்துருவம். மின்சாரம் போனால் இரண்டு மேசைக்கும் ஒரே இன்வெர்ட்டர்தான்.

அவள் வெளிநாட்டு ஆய்வு நிறுவனம் ஒன்றில் ஒப்பந்த வேலையில் இருந்தாள். அம்மாவுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது ஊருக்கு வந்தாள். இந்த வேலையை எங்கிருந்து வேண்டுமானாலும் செய்யலாம் என்று சொல்லிவிட்டதால் தங்கிவிட்டாள். நைனா அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் சம்பளம் வாங்குவது அவருக்குப் புரிந்தது. எதற்கு வாங்குகிறாள் என்பது புரியவில்லை. கேட்கிறவர்களுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று ஒருநாள் மாடிக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவள் அன்று சொன்னதை என் மேசையிலிருந்து கேட்டேன். அதற்குப் பிறகு எனக்கும் கொஞ்சம் விளங்கியது. விமானம் வயலை உழுவது போலப் போகிறது. நேராக ஒரு கோடு, திரும்பி அதற்கு இணையாக இன்னொன்று. சரிபார்க்கக் குறுக்கே சில கோடுகள். வழியெல்லாம் பூமியின் காந்தப்புலம் எவ்வளவு என்று கருவி பதிவு செய்துகொண்டே போகும். சூரியனால் அந்தப் புலம் நாள் முழுக்க ஏறி இறங்கும். தரையில் வைத்த இன்னொரு கருவி அதைப் பதிவு செய்யும், பிறகு அதைக் கழித்துவிடுவார்கள். பூமியின் வழக்கமான அளவையும் கழித்துவிட்டால் மீதி இருப்பது பாறையின் பங்கு. பனிக்குக் காந்தக் குணம் கிடையாது. கருவியைப் பொறுத்தவரை அது இல்லாததற்குச் சமம். இரும்புத் தாது கலந்த பாறை கீழே எங்கே இருக்கிறதோ அங்கே எண் ஏறும்.

"ஐஸுக்கு அடியில இன்னா இருக்குதுன்னு ரேடார் காட்டாதா?" என்று நைனா கேட்டார். தொலைக்காட்சியில் ஏதோ பார்த்திருக்கிறார்.

"ஐஸோட தரையக் காட்டும் நைனா. தரைக்குக் கீழ அதால போக முடியாது. இந்த எடத்துல தரை சமமாத்தான் இருக்குது. அதுக்கு அடியில வண்டல். அந்த வண்டலுக்கும் அடியில ஒண்ணு இருக்குது. அதத்தான் நான் தேடுறேன்."

"மேல கொழம்பு, அதுக்கு அடியில சோறுன்ற மாதிரி."

"அதே மாதிரிதான்."

அவர் திருப்தியாகக் கீழே போனார்.

அவள் சொன்ன அந்த ஒன்று, வரைபடத்தில் சிவப்பு வட்டமாகத் தெரிந்தது. அதன் வடிவத்தைக் கண்டுபிடிக்க அவள் செய்தது பின்னோக்கிப் போகிற வேலை. முதலில் ஒரு வடிவத்தை ஊகித்துக் கணினிக்குக் கொடுக்க வேண்டும். அதன்மேல் விமானம் பறந்திருந்தால் என்ன எண் வந்திருக்கும் என்று கணினி சொல்லும். உண்மையில் வந்த எண்ணோடு அது ஒத்துப்போகும் வரை வடிவத்தைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். இதற்கு இன்னொரு தகவலும் தேவை. அந்தப் பாறை எவ்வளவு காந்தத்தை ஏற்கும் என்பதற்கு ஒரு எண். அந்த இடத்தில் இதுவரை யாரும் துளை போட்டதில்லை. கல்லை யாரும் தொட்டதில்லை.

அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. வெகு காலத்துக்கு முன்பு நம்முடைய கிழக்குக் கரையும் அண்டார்டிகாவின் அந்தப் பகுதியும் ஒட்டிக்கொண்டிருந்தவை. அங்கே புதைந்திருப்பது நம் பாறையின் சொந்தக்காரனாக இருக்கலாம். அப்படியானால் நம் பாறையை அளந்தால் போதும்.

அதற்கு உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி இருக்கிறது. கல்லின் மேல் வைத்து அழுத்தினால் எண் காட்டும், கல்லுக்கு ஒன்றும் ஆகாது. என் பைக்கில் அவளை ஏற்றிக்கொண்டு சுற்றினேன். மேல்களவாய், தளவானூர், மண்டகப்பட்டு என்று போனோம். செஞ்சிக் கோட்டையில் காவலுக்கு உட்பட்ட இடத்தை விட்டுவிட்டு, ராஜகிரி மலையின் அடிவாரத்தில் சாலையோரம் உருண்டு கிடக்கும் பாறைகளில் வைத்துப் பார்த்தாள். வீட்டுக்குப் பக்கம் என்பதால் அங்கேதான் அதிகமாகப் பார்த்தாள்.

மண்டகப்பட்டில் குடைவரைக்கு வெளியே வயலோரப் பாறையில் கருவியை வைத்துக்கொண்டிருந்தபோது மொபெட்டில் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

"இன்னாக்கா, ஸ்கேன் பண்றீங்களா?" என்று ஓட்டி வந்தவர் கேட்டார்.

"கல்லுல எவ்ளோ காந்தம் இருக்குதுன்னு பாக்குறோம்."

"இருந்தா?"

"இருந்தா, இருக்குதுன்னு எழுதிப்போம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டே பின்னால் இருந்தவரிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது: "பொதையல் மச்சான். சொன்னா பங்கு கேப்போம்ல."

அளவுகளின் சராசரியை அவள் கணினிக்குக் கொடுத்தாள். சிவப்பு வட்டத்துக்குக் கீழே ஒரு வடிவம் வந்தது. ஒரு பக்கம் செங்குத்து, உச்சி ஏறக்குறைய தட்டை, மறு பக்கம் சற்றே சரிவு. நைனா அப்போது காபியோடு மேலே வந்தார். டம்ளரை வைக்காமலேயே திரையைப் பார்த்தார்.

"இது நம்ம ராஜகிரி."

அவள் சிரித்தாள். "ஆமா நைனா. அப்படித்தான் இருக்குது."

அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் காலை கூட்டுரோட்டு டீக்கடையில் நைனா தன் பதிலைச் சொல்லிவிட்டார். என் பொண்ணு பனிக்கு அடியில நம்ம கோட்டை மலைய மாதிரியே ஒண்ணக் கண்டுபிடிச்சிருக்குது. டீக்கடையிலிருந்து கடைவீதிக்கு அது வருவதற்குள் 'மாதிரியே' உதிர்ந்துவிட்டது.

கடைவீதியில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கும் பாய்தான் அங்கே வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர். நவாப் காலத்தில் செஞ்சிக்கு வந்த குடும்பம் என்று அவரே சொல்லிக்கொள்வார். ஒரு மாலை வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தார்.

"எங்க பாட்டனுக்குப் பாட்டன் குதிரையில வந்து எறங்குனப்பவே ராஜகிரி இங்க இருந்துச்சு. இப்ப அண்டார்டிகாவுலயும் ஒரு ப்ராஞ்ச் தொறந்துட்டாங்க, ஒரு வார்த்த சொல்லலியே கண்டக்டரே!"

நைனா சிரித்துக்கொண்டே நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். சங்கத்தின் ஆண்டு விழாவில் தங்கைக்குப் பாராட்டு என்றார் பாய். வரும் ஞாயிற்றுக்கிழமை. அவளோடு அப்பாவும் மேடையில் உட்கார வேண்டும், அவருக்கும் பொன்னாடை உண்டு.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை விளக்க வேண்டும். எங்கள் குடும்பம் அனந்தபுரம் சாலையில் உள்ள காலனியிலிருந்து வந்தது. என் தாத்தாவுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் இருந்ததில்லை. நைனா வேலைக்குப் போன பிறகு டவுனில் இந்த வீட்டைக் கட்டினார். கடைவீதிச் சங்கத்தின் மேடைக்குச் சவுக்குக் கம்பம் நட்டுத் தார்ப்பாய் கட்டியவர்கள் எங்கள் காலனியில் பலர் உண்டு. அதன்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் யாரும் கிடையாது. பாய் இதைச் சொல்லவில்லை. நைனாவும் சொல்லவில்லை. மறுநாள் அவர் வெள்ளைச் சட்டை தைக்கத் துணி எடுத்துவந்தார்.

விழாவுக்கு நாலு நாள் முன்னாலேயே ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. பேருந்து நிலையத்துக்கு எதிரே நின்று அதைப் படித்தேன். 'பனிக் கண்டத்தில் செஞ்சி மலையைக் கண்டெடுத்த எங்கள் மண்ணின் மகளே, வருக!' ராஜகிரியின் உச்சியில் பனி மூடியிருந்தது. அடிவாரத்தில் பென்குவின்கள் வரிசையில் நின்றன. நடுவே என் தங்கை, வேறு யாருடைய உடம்பிலோ ஒரு தடித்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கையில் லேப்டாப்போடு சிரித்தாள். கீழே சங்கத்தார் முகங்கள் வட்டம் வட்டமாக. கடைசி வட்டத்தில் நைனா. தொழில் பழக்கத்தில் முழுவதையும் இரண்டு முறை படித்தேன். எழுத்துப் பிழை இல்லை. தகவல் பிழைகளை எண்ணத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

அன்று மாலை அவளுக்கு வீடியோவில் ஒரு கூட்டம் இருந்தது. அவளுடைய ஆய்வுக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் அவளுக்கு மேலே இருப்பவர் பார்த்துச் சொல்லும் கூட்டம். நான் காதில் எதையும் மாட்டிக்கொள்ளவில்லை, அவளும் மாட்டிக்கொள்ளவில்லை. எதிர்முனையில் இருந்தவர் மென்மையாகப் பேசுகிறவர். வரைபடத்தைப் பாராட்டினார். பிறகு, பாறைக்குக் கொடுத்திருக்கும் இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அவள் விளக்கினாள். அவர் இன்னொன்று கேட்டார். இரண்டு கண்டங்களும் ஒட்டியிருந்தன என்பது சரி, ஆனால் ஒட்டியிருந்த நிலத்தில் எத்தனையோ வகைப் பாறைகள் இருக்குமே, உன் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் அங்கேயும் இருக்கிறது என்று எதை வைத்து முடிவு செய்தாய்? எண்ணை மாற்றிப் போட்டுப் பார்த்தாயா?

அவள் பார்க்கவில்லை என்றாள்.

கூட்டம் முடிந்ததும் திரையை மூடவில்லை. எண்ணைக் குறைத்துப் போட்டாள். செங்குத்து மலை படுத்துக்கொண்டு, அகலமான இட்லி போல ஆனது. கூட்டிப் போட்டாள். ஒல்லியாகி ஆழத்துக்கு இறங்கியது. இன்னொரு எண்ணுக்குக் கவிழ்த்துவைத்த தாம்பாளம். மறுநாள் மத்தியானத்துக்குள் ஐந்து வடிவங்கள் திரையில் இருந்தன. ஐந்தும் விமானம் கொண்டுவந்த எண்களோடு ஒரே அளவுக்குப் பொருந்தின. அவற்றில் ஒன்று மட்டும் ராஜகிரி.

"திண்டிவனம் பக்கம் கருப்புக் கல்லு வெட்டுறாங்கல்ல ண்ணா, அத ஒண்ணு அளந்திருந்தாக்கூட எண்ணு எங்கியோ போயிருக்கும்" என்றாள். "அளக்கணும்னு தோணவே இல்ல. வந்த வடிவம் பழகுன முகமா இருந்துச்சா, சரியாத்தான் இருக்கும்னு நெனச்சிட்டேன்."

"கட்டுரை?"

"மாத்தித்தான் அனுப்புவேன். அஞ்சையும் போட்டு, எது சரின்னு தெரியாதுன்னு எழுதுவேன். அது பரவால்ல. நைனாகிட்ட யாரு சொல்றது?"

அவளே சொன்னாள். மாடிக்கு அழைத்துவந்து ஐந்து படங்களையும் காட்டினாள். அவர் வெகு நேரம் பார்த்தார்.

"இதுல எது நெசம்?"

"தெரியாது நைனா. அஞ்சுமே பொருந்துது."

"அஞ்சும் பொருந்துனா ஒண்ணும் தெரியலன்னுதான அர்த்தம்?"

"அப்படி இல்ல. தீவாளிக்கு ஒரு வெடிச்சத்தம் கேக்குது. பக்கத்துத் தெருவுல போட்ட சின்ன வெடியா, தூரத்துல போட்ட பெரிய வெடியா? சத்தத்த மட்டும் வச்சி சொல்ல முடியுமா? ஆனா யாரோ வெடி போட்டாங்கன்றது நிச்சயம்."

"வாசல்ல போய் எட்டிப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது."

"அங்க எட்டிப் பாக்க முடியாதே."

நைனா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "ஞாயித்துக்கிழம விழா முடியட்டும். திங்கக்கிழம யார்கிட்ட வேணா சொல்லிக்க."

"மேடையில நான் இன்னா பேசுறது?"

"நன்றி வணக்கம்னு சொல்லிட்டு உக்காரு. எல்லாரும் அதத்தான பேசுறான்."

"பின்னால தெரிஞ்சா?"

"பின்னால எவனுக்குத் தெரியப் போவுது? கீழ எறங்கிப் பாக்கவா போறான்?" குரல் உயர்ந்தது. "இப்ப நீ மேடையில ஏறி இல்லன்னு சொன்னா, காலையில டீக்கடையில இன்னா பேசுவானுங்க தெரியுமா? வேற எவன் பொண்ணா இருந்தாலும் தப்பு பண்ணிட்டுதுன்னு வுட்டுருவான். என் பொண்ணுன்னா கத வுட்டுதும்பான்."

"அதனாலதான் நைனா நானே சொல்லணும்ன்றேன். அவங்க கண்டுபிடிச்சிச் சொன்னாதான் அது கத."

"அப்ப நான் மேடைக்கு வரல" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். தைத்து வந்த சட்டை பிரிக்காத பையோடு பீரோவின் மேல் கிடந்தது. அம்மா அதை எடுத்து உள்ளே வைத்தாள். அவர் மறுபடியும் எடுத்து வெளியே வைத்தார்.

விழாவுக்கு முந்தைய நாள் பாயின் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அழைத்தவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதற்காகத் தங்கை அனுப்பியிருந்தாள். அவள் மலை எதையும் கண்டுபிடிக்கவில்லை, அவள் போட்ட கணக்கே சந்தேகத்தில் இருக்கிறது என்று நேரடியாகவே சொன்னேன்.

பாய் அச்சு இயந்திரத்தை நிறுத்தாமலே தலையை ஆட்டினார். "தன்னடக்கம் தம்பி. படிச்சவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நெறகொடம்."

"இல்ல பாய், நெசமாவே..."

"நீயும் அப்படியே சொல்றியே. வளப்பு!"

எங்கள் ஊர் மேடையில் பாராட்டப்படுகிறவர் எனக்குத் தகுதியில்லை என்றுதான் தொடங்க வேண்டும். அப்படிச் சொல்லாதவர்தான் திமிர் பிடித்தவர். தகுதி இல்லை என்பதை உண்மையாகவே சொல்ல விரும்புகிறவருக்கு அந்த மேடையில் வேறு வார்த்தைகள் மிச்சமில்லை. கடையை விட்டு வெளியே வரும்போதுதான் இது எனக்குப் புரிந்தது.

ஞாயிறு மாலை கடைவீதியில் பாதிச் சாலையை அடைத்து நாற்காலி போட்டிருந்தார்கள். மேடையில் தங்கைக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. நைனா புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில், பாத்திரக் கடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு தூரம் வந்திருந்தார், அதற்கு மேல் வரவில்லை.

பாய் மைக்கில் கூப்பிட்டார். "கண்டக்டர் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும். வண்டி கெளம்பப் போவுது."

கூட்டம் சிரித்துத் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அவரைக் கையைப் பிடித்துக் கிளப்பினார்கள். எழுந்திருக்காமல் இருந்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அவர் நடந்து போய்ப் படியேறி, மகளைப் பார்க்காமல் உட்கார்ந்தார். இருவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். மேசைமேல் ஒரு நினைவுக் கேடயத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். பாய் கொலம்பஸையும் ராஜா தேசிங்கையும் ஒரே வாக்கியத்தில் கொண்டுவந்து அவளை ஏற்புரைக்கு அழைத்தார்.

"நான் மலை எதையும் கண்டுபிடிக்கல" என்று அவள் தொடங்கினாள்.

கைதட்டல்.

"நான் போட்ட கணக்குல தப்பு இருக்குது."

இன்னும் பெரிய கைதட்டல். பின்னாலிருந்து ஒரு விசில். முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் "எவ்ளோ அடக்கம் பாரு" என்றார்.

அவள் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து, மேசைமேல் இருந்த கேடயத்தை முழுவதும் மூடினாள்.

"இதுக்கு அடியில இன்னா இருக்குது?"

"கேடயம்!" என்று பல குரல்கள்.

"துணிய எடுக்காம எப்படித் தெரியும்?"

"வெச்சப்ப பாத்தோமே!" பூக்கடைக்காரம்மா ஒருவர் சத்தமாகச் சொன்னார். சிரிப்பு.

"அதேதான்" என்றாள் என் தங்கை. "பனிக்கு அடியில நம்ம மலைய வெச்சது நான். நம்மூருக் கல்ல அளந்து, அந்த அளவக் கணக்குல போட்டேன். போட்டா நம்மூரு மலை வந்துச்சு. வெச்சத நானே எடுத்துட்டு, கெடச்சிட்டுதுன்னு சொல்லிட்டேன். இது தன்னடக்கம் இல்ல. தப்பு."

இந்த முறை யாரும் கைதட்டவில்லை. கடைவீதியில் பேருந்தின் ஹாரன் ஒன்று கேட்டது. நான் மேடையின் பக்கவாட்டில் நின்றிருந்தேன். அங்கிருந்து நைனாவின் முகம் தெரிந்தது. பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு நேரே எதிர்க்கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் மைக் அருகே வந்தார். "அப்ப அங்க ஒண்ணுமே இல்லையா பாப்பா?"

"ஏதோ இருக்குது பாய். அது நிச்சயம். மலையா, தட்டையா, எவ்ளோ ஆழம்னு தெரியாது."

"எப்ப தெரியும்?"

"இன்னும் நெருக்கமாப் பறந்து பாத்தா கொஞ்சம் தெரியும். துளை போட்டா நல்லாத் தெரியும். அதுவரைக்கும் தேடிக்கிட்டே இருக்கணும்."

பாய் கூட்டத்தைப் பார்த்தார். முப்பது வருடமாக மேடையில் மைக் பிடிப்பவர். "அப்ப சரி. சங்கம் அட்வான்ஸா வாழ்த்திடுச்சின்னு வச்சுக்குங்க. அடுத்தது, சிறந்த கடை அலங்காரத்துக்கான பரிசு."

கூட்டம் சிரித்தது. விழா தொடர்ந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது நைனா எங்களுக்குப் பத்தடி முன்னால் போனார். இரவு சாப்பாட்டின்போது குழம்பு மட்டும் கேட்டார்.

எங்கள் செய்தியாளர் அனுப்பிய செய்தி என் திரைக்கு வந்தது. 'அண்டார்டிகாவில் மலையைக் கண்டறிந்த இளம் விஞ்ஞானி, தன்னடக்கத்துடன் பேசினார்' என்று இருந்தது. குடும்பச் செய்தி என்பதால் அதைத் தொடாமல், நடந்ததை மட்டும் சொல்லி, வேறொருவருக்கு அனுப்பினேன். அச்சில் நான்கு வரி வந்தது. ஆண்டு விழா நடைபெற்றது, பலர் கலந்துகொண்டனர்.

காலையில் நைனா வழக்கமான நேரத்துக்கு டீக்கடைக்குக் கிளம்பினார். எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டு பின்னால் போனேன். பெஞ்சில் அவரோடு ஒரே வண்டியில் பல வருடம் ஓட்டுநராக இருந்தவர் உட்கார்ந்திருந்தார். கூட இன்னும் இரண்டு மூன்று பேர். ஓட்டுநர் காத்துக்கொண்டிருந்தவர் போலத்தான் கேட்டார்.

"இன்னா கண்டக்டரே, உம் பொண்ணு மலைய நடுவழியில எறக்கி வுட்டுட்டுதாமே?"

நைனா டீயை வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார்.

"டிக்கெட் எடுக்காம ஏறிடுச்சு. அதான் எறக்கிட்டா."

பெஞ்சில் சிரிப்பு. ஓட்டுநர் விடவில்லை. "அப்ப அந்தப் பொன்னாட? அதத் திருப்பிக் குடுத்துட்டியா?"

"அத ஏன்யா குடுக்கணும்? அண்டார்டிகால குளுரு. தேடுறவளுக்கு வேணாமா?"

"தேடுறது அவ. போத்திக்கினது நீ."

"நான் அவ அப்பன்யா" என்றார் நைனா. ஓட்டுநர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். நைனா உட்கார்ந்தார். பேச்சு டீசல் பக்கம் திரும்பிவிட்டது. நான் வாங்க வந்ததாகச் சொன்ன பொருளை வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

அன்று மத்தியானம் தங்கை கட்டுரையை அனுப்புவதற்குத் தயாராக இருந்தபோது நைனா மாடிக்கு வந்தார். ஐந்து வடிவங்களும் ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"நம்ம மலைய எடுக்கலியா?"

"எடுக்க முடியாது நைனா. அதுவும் பொருந்துது."

"மத்த நாலு மாதிரியா?"

"மத்த நாலு மாதிரி."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் குனிந்தே பார்த்தார். "சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவள் அனுப்பினாள்.